ஆனேக்கல்லில் இருந்து வந்த ஹெரால்டு

என் வீட்டுக்காரர் ஒரு கார் வாங்கினார். அது லாரியில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் லாரி நின்றது. நாலு பேர் பலகை போட்டு அதை இறக்கினார்கள். இடது பக்கக் கதவைத் தனியாக இறக்கினார்கள். சீட்டுகள் ஒரு கோணிப்பையில் வந்தன. அத்திப்பள்ளியில் லாரியை நிறுத்திய போலீஸ்காரர் மேலே என்ன என்று கேட்டாராம். கார் என்று இவர் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் லாரியை ஒரு சுற்று சுற்றி வந்து, "எப்போ?" என்று கேட்டாராம்.

அது பழைய ஹெரால்டு. ரெண்டு கதவு வைத்த சின்ன கார். முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரே மூடியாக முன்னால் சாயும். இவர் அதைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே துணி போட்டு மூடிய இன்ஜின் இருந்தது. மூடி திரும்ப நிமிர மறுத்தது. சாயங்காலம் வரை அப்படியே வாயைத் திறந்துகொண்டு நின்றது.

எங்களிடம் ஏற்கெனவே ஓடுகிற கார் ஒன்று இருக்கிறது. அதை நான் நினைவுபடுத்தினேன்.

"அது வேற," என்றார்.

அவ்வளவுதான் அவர் பேச்சு. ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். பேரிகைப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், மெஷினிடம் எதுவும் இல்லை. நான் காவேரிப்பட்டினத்துக்காரி. வேறொரு கம்பெனியில் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். யார் எந்த விலை சொன்னாலும் "ஏன் இவ்வளவு?" என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பதினேழு வருஷமாக அதைச் சரியாகச் செய்து வருகிறேன். வீட்டில் மட்டும் அந்தக் கேள்விக்கு மதிப்பில்லை.

அன்று சாயங்காலம் அவர் போன் அடித்தது. அவர் கை முழுக்க கிரீஸ். நான்தான் எடுத்தேன். காரை விற்ற அம்மா, கர்நாடக எல்லை தாண்டி ஆனேக்கல்லில் இருந்து பேசினார்.

"வண்டி வந்து சேந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"ஓடுதா?"

"இப்பத்தாங்க லாரியில இருந்து இறக்குனாங்க."

"சரி. அடுத்த மாசம் கேக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

சொன்னபடி அடுத்த மாதம் கேட்டார். அதற்கடுத்த மாதமும் கேட்டார். அதற்குள் அவர் என் நம்பரை வாங்கிவிட்டார். ஆம்பளைகளிடம் கேட்டால் விஷயம் வராது, கார்புரேட்டர்தான் வரும் என்றார்.

அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். தாய்மொழி கன்னடம். தமிழ் எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, ஓசூர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கிக் கற்றேன் என்றார். முதல் இரண்டு மூன்று தடவை நான் மேடம் என்று கூப்பிட்டேன். பிறகு அக்கா ஆனார்.

அவர் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்திருக்கிறார். கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடுவார் என்று அக்கா எதிர்பார்த்தார். அவர் இந்த ஹெரால்டைத் தேடிக்கொண்டு வந்தார். அதன்பிறகு பத்துப் பதினோரு வருஷம், காலையில் எழுந்து குளித்து, சட்டை போட்டு, டிபன் சாப்பிட்டு ஷெட்டுக்குப் போவாராம். மத்தியானம் சாப்பிட வருவாராம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கை கழுவுவாராம்.

"ஞாயித்துக்கிழமை லீவு," என்றார் அக்கா. "அதுல ரொம்ப கரெக்ட்டு."

வீட்டுச் செலவு முழுவதும் அக்கா சம்பளம். காருக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பார், அக்காவும் கொடுப்பார். கார் ஒரு நாளும் ஓடவில்லை. திடீரென்று அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். வருஷம் கழிந்ததும் அக்கா காரை விற்றுவிட்டார்.

அவர் எனக்குப் போன் செய்தது பாசத்தால் இல்லை. தன்னிடம் தேறாத பையன் அடுத்த ஸ்கூலில் பாஸ் பண்ணுகிறானா என்று பார்க்கிற ஆர்வம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"இப்ப என்ன பண்றாரு உங்க யஜமானரு?"

"அடித்தகடு பூரா துரு அக்கா. வெட்டி எடுத்துட்டு வேற தகடு வெல்டிங் வெக்கறாங்க."

"நம்மவரு பாடியத் தொட்டதே இல்ல. இன்ஜின்தான். பாடி எப்ப வேணா பண்ணிக்கலாம்பாரு. சரி, ரெண்டாவது கியர்பாக்ஸ் வாங்கிட்டாரா?"

"ரெண்டாவதா? எதுக்கு அக்கா?"

"வாங்குவாரு."

மூன்று வாரம் கழித்து, பெங்களூர் பழைய சாமான் கடையில் இருந்து என் வீட்டுக்காரர் ஒரு கியர்பாக்ஸோடு வந்தார். ஏற்கெனவே இருப்பது என்னவாயிற்று என்றேன். இருக்கிறது, இதில் இருந்து கழற்றி அதற்குள் போடுவதற்கு என்றார். அதை வைக்க இடமில்லாமல் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். அன்றிலிருந்து நான் வாஷிங் மெஷினில் மட்டும் துவைக்கிறேன்.

அக்காவுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருந்தது. கண்ணாடியைச் சுற்றி வைக்கிற ரப்பர் பீடிங் கிடைக்காமல் கோயம்புத்தூர் போவார் என்றார், போனார். ஹெட்லைட் ஒரு ஜோடி வாங்கி வந்து, ஒன்று பெரிசு ஒன்று சின்னது என்று ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார் என்றார், உட்கார்ந்திருந்தார். நான் தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். அதுவும் அக்கா சொன்னதுதான்.

என் சொந்தக்காரர்கள் வேறு மாதிரி. காவேரிப்பட்டினத்தில் இருந்து என் அண்ணன் வந்தான். காரை ரெண்டு சுற்று சுற்றினான்.

"இதுவரைக்கும் எவ்ளோ போட்டிருப்பீங்க மாப்ள?"

இவர் ஒரு தொகை சொன்னார். அது எனக்குச் சொன்ன தொகையில் பாதி. எனக்குச் சொன்னது உண்மையான செலவில் எத்தனை பங்கு என்று அந்த நிமிஷம் எனக்கு யோசனை வந்தது.

"வித்தா எவ்ளோ போகும்?"

"விக்கறதுக்குப் பண்ணல."

"அப்ப ஓட்டறதுக்கா?"

"ஓடுனா ஓட்டலாம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் காபி போட உள்ளே போனேன். கிளம்பும்போது அவன், இந்தப் பணத்துக்குச் சூளகிரியில் பாதி மனை வாங்கியிருக்கலாம் என்றான். பாதி மனையில் என்ன செய்வது என்று இவர் கேட்டார்.

பாடி வேலை முடிய இரண்டு மழைக்காலம் ஆனது. டிங்கர், பெயிண்டர், சீட் தைக்கிறவர் என்று ஆட்கள் வந்து போனார்கள். தந்தக் கலர் அடித்தார்கள். அதுவரை காலனியில் கழிவு இரும்பு என்று நினைத்தவர்கள், இப்போது நின்று கை வைத்துப் பார்த்தார்கள். உள்ளே இன்ஜின் மட்டும் வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஏன் அதைக் கடைசியில் வைத்திருக்கிறார் என்று கேட்டேன்.

"ஒரு ஆளு பத்து வருஷம் பாத்தும் ஓடலன்னா அது சாதாரண கோளாறு இல்ல. பெரிய வேலை. லீவு போட்டுத்தான் பாக்கணும்," என்றார்.

பெரிய வேலைக்குத் தகுந்தபடி ரிங், பேரிங், வால்வு எல்லாம் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவிட்டார். எங்கள் கம்பெனியில் யாராவது பார்க்காமலேயே பார்ட்ஸ் ஆர்டர் போட்டிருந்தால் நான் அந்தப் பேப்பரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே எனக்குப் பேப்பரே வரவில்லை.

பொங்கல் லீவில் இன்ஜினைத் திறந்தார். காலையில் ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் கழித்து சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"உள்ள எல்லாம் புதுசு," என்றார்.

"எது?"

"எல்லாம். ரிங்கு, பேரிங்கு, வால்வு. ஒரு பொட்டு கரி இல்ல. ஒரு தடவகூட எரியவே இல்ல."

"அப்ப என்னதான் கோளாறு?"

அவர் கையில் இருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"கோளாறே இல்ல. எல்லாம் முடிச்சு வெச்சிருக்காரு. பாயிண்ட் செட் பண்ணி, ப்ளக் மாட்டி, ஒயர் எல்லாம் இழுத்து வெச்சிருக்காரு. பேட்டரி உக்கார்ற தட்டுக்குக்கூட பெயிண்ட் அடிச்சிருக்காரு. பேட்டரிதான் இல்ல."

திறந்ததை அப்படியே மூடினார். பெட்ரோல் பம்ப்பில் காய்ந்துபோன ஒரு ரப்பரை மட்டும் மாற்றினார். சாயங்காலம் போய் ஒரு பேட்டரி வாங்கி வந்து வைத்தார். பெட்ரோல் ஊற்றினார். சாவியைத் திருப்பினார். கொஞ்சம் இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. தையல் மெஷின் மாதிரி சீரான சத்தம். சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வேறொருத்தர் வீட்டுக்குத் தெரியாமல் நுழைந்துவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் அக்காவுக்குப் போன் செய்தேன். அதுவரை அவர்தான் செய்வார்.

"ஓடுது அக்கா."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"அக்கா?"

"நெஜமாவா?"

"நெஜமா."

"சத்தம் கேக்கணும்."

போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்தேன். ரொம்ப நேரம் பிடித்திருந்தேன், கை வலித்தது. திரும்பக் காதில் வைத்தபோது போன் கட்டாகியிருந்தது. ரெண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "எடுத்துட்டு வாங்க. பாக்கறேன்," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். வழியில் நான் என் வீட்டுக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன்.

"என்ன கோளாறுன்னு அந்தம்மா கேப்பாங்க. பேட்டரின்னு சொல்லக் கூடாது."

"வேற என்ன சொல்றது?"

"கார்புரேட்டர்னு சொல்லுங்க. யாருக்கும் தெரியாது."

"அது நல்லா இருக்கே."

"அது நல்லா இருக்கறது எனக்கும் தெரியும். சொல்லுங்க."

அவர் ஆனேக்கல் வரை ரெண்டு மூன்று தடவை கார்புரேட்டர் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அக்காவை அன்றுதான் முதலில் நேரில் பார்த்தேன். குரலை வைத்து உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். குள்ளம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தடிமனான கண்ணாடி. கேட்டைத் திறந்துவிட்டுக் காரையே பார்த்தபடி நின்றார். கலர் நன்றாக இருக்கிறது என்றார். கதவைத் தொட்டார். பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"என்ன ஆகியிருந்துச்சு?"

"கார்புரேட்டருங்கம்மா."

"கார்புரேட்டர்ல என்ன?"

முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர் அடுத்த படி கேட்பார் என்பதை நான் யோசிக்கவில்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் கேட்டைப் பார்த்தேன்.

"கார்புரேட்டர்ல ஒண்ணும் இல்லீங்கம்மா," என்றார். "எதுலயும் ஒண்ணும் இல்ல. எல்லாம் அவரே முடிச்சுட்டாரு. ரொம்ப நீட்டான வேலை. பேட்டரி மட்டும் வெக்கல."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"கேட்டாரு," என்றார். "பேட்டரிக்குக் காசு கேட்டாரு. நான் குடுக்கல."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"அத்தனை வருஷம் கேட்டதெல்லாம் குடுத்தேன். ஒரு தடவ இல்லன்னு சொல்லலை. அன்னிக்கு எனக்கு என்னமோ கோவம். வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும், இவரு பேட்டரிங்கறாரு. பேட்டரியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னேன். அவரு சரின்னு போயிட்டாரு. அப்பறம் கேக்கவே இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு..."

"இதுதான் கடைசின்னு அவரு சொல்லலையா அக்கா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"ஒவ்வொரு தடவையும் அதத்தானம்மா சொன்னாரு," என்றார்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வரலாமா என்று யோசித்தேன். சமையலறை எந்தப் பக்கம் என்று தெரியாது. அப்போது என் வீட்டுக்காரர் முன்பக்க மூடியைத் தூக்கிச் சாய்த்தார். "இங்க வாங்கம்மா," என்று கூப்பிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பாடி நான் பண்ணுனது. இன்ஜின் அவரு பண்ணுனது. இதோ, இது அவரு மாட்டுன வாட்டர் பம்ப்பு. நான் தொடவே இல்ல. இந்த போல்ட்டு எல்லாம் பாருங்க, ஒரே அளவா முறுக்கியிருக்காரு. கூட ஒரு இழுப்பு இல்ல, கொறச்சலா ஒரு இழுப்பு இல்ல. எங்க கம்பெனியில இப்படி முறுக்கறதுக்கு மிஷின் வெச்சிருக்கோம். இந்த ஒயரு போற வழியப் பாருங்க. சூடு படாம வளைச்சுக் கொண்டுபோயிருக்காரு."

அக்கா குனிந்து பார்த்தார். ஒரு இடத்தில் ஒயர்களைச் சேர்த்து மெரூன் நிறத் துணியால் கட்டியிருந்தது. அதைத் தொட்டார்.

"இது என் புடவை ஃபால்ஸ்," என்றார். "எல்லா இடத்துலயும் தேடினேன்."

உள்ளே போனார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். கிளம்பிவிடலாமா என்று இவர் சைகையில் கேட்டார். அதற்குள் அக்கா வேறு புடவை மாற்றி, கைப்பையோடு வந்தார். வீட்டைப் பூட்டினார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இருப்பது ரெண்டே கதவு. அவர் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பக்கமாக நான் பின்னால் போக முடியாது. டிரைவர் பக்கம் சீட்டை மடித்து, புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

ஊரைச் சுற்றினோம். வேகத்தடை வரும்போது மட்டும் அக்கா "மெதுவா," என்றார். தன் பழைய ஸ்கூல் வாசலில் நிறுத்தச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, கேட் பூட்டியிருந்தது. பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போகலாம் என்றார். ஒரு பேக்கரி முன்னால் மறுபடி நிறுத்தினோம். எனக்கும் இவருக்கும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கிக் கொடுத்தார். பேக்கரிக்காரர் வெளியே வந்து காரைப் பார்த்தார். அவருக்கு அந்த வீட்டுக் கதை தெரியும் போல. எவ்வளவு ஆனது என்று கன்னடத்தில் கேட்டார். இவர் வாய் நிறைய தில்பசந்த் வைத்திருந்தார். அக்காவே ஒரு தொகை சொன்னார். ரெண்டு பேர் போட்டதையும் கூட்டிச் சொன்னார் என்று நினைக்கிறேன், அது அவ்வளவு பெரிய தொகை.

பேக்கரிக்காரர் வாயில் கை வைத்தார். "இவ்வளவு துட்டு போட்டு என்ன டீச்சர் உபயோகம்?"

"ஒண்ணும் இல்ல," என்றார் அக்கா. மிச்சச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டார். காரில் ஏறி, இன்னொரு சுற்று போகலாமா என்று கேட்டார்.

போனோம்.

அதன்பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. ரெண்டு மாதம் பொறுத்து நான் கூப்பிட்டேன். காரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கத்திரிக்காய் விலை பேசினோம். வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டாராம். ஓசூருக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றார். வந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, டிவி பார்த்துவிட்டு, அஞ்சு மணி பஸ்ஸில் போனார். இப்போது அடிக்கடி வருகிறார். என் வீட்டுக்காரருக்கு அவரிடம் பயம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறார். காருக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். அது போட்ட பணத்துக்குப் பெறுமா? பெறாது. இதே கொட்டேஷன் ஆபீஸில் என் மேஜைக்கு வந்திருந்தால் காபி ஆறுவதற்குள் ரிஜெக்ட் செய்திருப்பேன். மழை பெய்தால் வலது பக்கம் ஒழுகுகிறது. சூளகிரி தாண்டினால் சூடாகிறது. காவேரிப்பட்டினத்துக்கு ஒருமுறைதான், ஒரு கல்யாணத்துக்கு, அதில் போனோம். போய்ச் சேர்ந்தபோது பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது.

போன மாதம் பெங்களூரில் இருந்து ஒருவர் வந்தார். ஹைவேயில் புதிதாக ஹோட்டல் திறக்கிறாராம். காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். நல்ல விலை சொன்னார். போட்ட பணம் அப்படியே திரும்பாவிட்டாலும், அண்ணனிடம் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய விலை. பாடி வேலையைப் பார்த்து அசந்துபோய்விட்டார். இப்படி ஒரு ஃபினிஷ் பெங்களூரிலேயே வராது என்றார். என் வீட்டுக்காரர் காது சிவந்தது.

"வண்டிய எங்க ஓட்டுவீங்க?" என்று நான் கேட்டேன்.

"ஓட்டறதில்லீங்க மேடம். ஹோட்டலுக்குள்ள நிறுத்தறோம். இன்ஜினை எடுத்துட்டு, அந்த இடத்துல ஜூஸ் கவுண்டர். மூடி முன்னாடி சாயுது பாருங்க, அது ரொம்ப வசதி. இன்ஜின் உங்களுக்கே வேணும்னா வெச்சுக்கங்க."

வழக்கம்போல என் வீட்டுக்காரர் முடிவை என்னிடம் விட்டுவிட்டு, சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ரேட் ஒத்து வரலைங்க," என்றேன்.

வந்தவர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஒத்து வரலை என்றேன். எவ்வளவு என்றால் ஒத்து வரும் என்று கேட்டார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனார்.